கம்பியைக் கடைசியில் பாருங்கள்
(கம்பிவால் தகைவிலானை அடையாளம் காணும் முறை)

கம்பிவால் தகைவிலான் என்று பெயர் வைத்தவர், புதிதாகப் பறவை பார்க்க வருகிறவருக்கு நல்லது செய்யவில்லை. பெயரைக் கேட்டதும் எல்லாரும் வாலைத்தான் தேடுகிறார்கள். அந்தக் கம்பியோ தலைமயிர் கனம்தான். முப்பது மீட்டர் தள்ளிப் பறக்கும்போது வெயிலில் ஒரு கணம் மின்னும், அடுத்த கணம் இருக்காது.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வருடம் ஒரு மார்கழிக் காலையில், புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கரையோரம் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாற்பது பறவைகளையும் 'கம்பிவால்' என்று நோட்டில் எழுதிவிட்டேன். வால் பிளந்து நீண்டிருந்தது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற நினைப்பு. ஒரு மாதம் கழித்து, அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மார்பிலும் கறுப்புப் பட்டை. நாற்பதும் வடக்கிலிருந்து பனிக்காலத்துக்கு வந்த சாதாரணத் தகைவிலான்கள். கம்பிவால் ஒன்றுகூட இல்லை.

இந்த அத்தியாயம் அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. முதலில் மார்பு, பிறகு தலை, கம்பி கடைசியில்.

யாரைத் தேடுகிறோம்

உடல் சிட்டுக்குருவி அளவுதான், வால்கம்பியை விட்டுவிட்டால் சுமார் 14 செ.மீ. முதுகு பளபளக்கும் கருநீலம். உச்சந்தலையில் செம்பழுப்புத் தொப்பி. தாடையிலிருந்து அடிவயிறு வரை பால் வெள்ளை. ஆண், பெண் இரண்டும் ஒரே நிறம். பெண்ணுக்குக் கம்பி குட்டை. குஞ்சு பறக்கத் தொடங்கும் வயதில் அதற்குக் கம்பியே இருக்காது, தொப்பியும் மங்கிய பழுப்பாக இருக்கும்.

ஆப்பிரிக்காவில் சகாரா பாலைக்குத் தெற்கிலும், இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரையிலும் வாழும் பறவை இது. அறிவியல் பெயர் ஹிருண்டோ ஸ்மித்தி. 1816-இல் காங்கோ ஆற்றுக்குப் பயணம் போன கிறிஸ்டன் ஸ்மித் என்ற நார்வே தாவரவியலாளரின் நினைவாக வைத்தது. நம் பக்கம் இருப்பது ஃபிலிஃபெரா என்ற கிளையினம். ஆப்பிரிக்கக் கிளையினத்தைவிட இதற்குக் கம்பி நீளம்.

தண்ணீரை விட்டு அதிகம் விலகாது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. தண்ணீருக்கு மேல் பறக்கும் சிறு பூச்சிகள் இதற்குத் தீனி, தண்ணீர் ஓரத்து ஈரமண் வீடு கட்டும் சரக்கு, தண்ணீருக்கு மேலிருக்கும் பாலத்தின் அடிப்பக்கம் வீட்டுமனை. பெரிய ஆறு ஓடாத, கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்கிற இலுப்பூர் வட்டாரத்தில் தேட வேண்டிய இடம் இதிலேயே பாதி சுருங்கிவிடுகிறது.

கையில் இருக்க வேண்டியவை

பைனாகுலர் ஒன்று போதும். 8×42 அளவு நல்லது. 10×50 வாங்கினால் கை நடுங்கும், வேகமாகத் திரும்பும் பறவையைப் பார்வைக்குள் பிடித்து வைப்பது கஷ்டம். கேமரா இருந்தால் கொண்டு வாருங்கள். ஆனால் முதல் பத்து நாள் அதைப் பையிலேயே வையுங்கள். படம் எடுக்கிற மும்முரத்தில் பறவையைப் பார்க்க மறந்துவிடுவோம்.

சின்ன நோட்டு, பென்சில், தொப்பி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கணுக்கால் மூடிய கனத்த அடிப்பாகமுள்ள ஷூ. ரப்பர் செருப்போடு வராதீர்கள். கரையெல்லாம் சீமைக்கருவேல முள்.

எங்கே நிற்பது, எப்போது போவது

இலுப்பூரிலிருந்து அன்னவாசல் போகும் சாலையிலும் விராலிமலை போகும் சாலையிலும் பைக்கில் மெதுவாகப் போங்கள். வரத்துவாரியைக் கடக்கும் சிறு பாலங்களையும் கண்மாய்க் கரைகளையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு நாளில் ஏழெட்டு இடம் கிடைத்துவிடும். அதில் நல்ல இடத்தைப் பொறுக்கி எடுக்க நான்கு கேள்விகள்:

1. தண்ணீர் திறந்து கிடக்கிறதா? ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் பூச்சி இருந்தாலும், தாழப் பறந்து அலகால் நீர் மொள்ள இடமில்லை.

2. தண்ணீருக்கு மேலோ மிக அருகிலோ உட்கார ஏதாவது இருக்கிறதா? கரண்டுக் கம்பி, பட்ட கிளை, மதகின் கைப்பிடி எதுவானாலும் சரி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய கண்மாய்களில் உள்ளே தள்ளி நிற்கும் குமிழித்தூம்பின் இரண்டு கல்தூண்களையும் அவற்றின் குறுக்குக் கல்லையும் விட்டுவிடாதீர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் நீர் திறந்துவிட நட்ட கல், இன்றைக்குப் பறவை உட்காரும் மேடை.

3. பக்கத்தில் பாலமோ கலிங்கோ மதகோ உண்டா? கூடு கட்டும் இடம் அருகில் இருந்தால் பறவை திரும்பத் திரும்ப வரும்.

4. நிற்கும்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமா? கிழக்குப் பக்கம் கரை அமைந்த கண்மாய் என்றால் காலையில் கரைமேல் நின்று மேற்கே பாருங்கள். அதே கரைக்கு மாலையில் போனால் பறவை வெறும் கறுப்பு நிழல்தான்.

நேரம்: காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. மழை விட்ட பிறகு ஈசல் கிளம்பும் நேரம் கிடைத்தால் நழுவ விடாதீர்கள். ஊரிலுள்ள எல்லாத் தகைவிலானும் உழவாரனும் ஒரே இடத்தில் கூடிவிடும். பழகியவருக்கு அது விருந்து. புதியவர் தலை சுற்றிப் போவார்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. சாதாரணத் தகைவிலான் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலில் பெரும்பாலும் கிளம்பிவிடும். கம்பிவால் இங்கேயே இருக்கும் பறவை. அதனால் வைகாசி, ஆனி மாதங்களில் தண்ணீரோரம் நீல முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்றைப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கண்மாய் வற்றினாலும் நீர் நிற்கும் ஊருணிப் பக்கம் போய்ப் பாருங்கள். பழகுவதற்குக் கோடை நல்லது, பனிக்காலம் பரீட்சை வைப்பதற்கு.

பார்க்கும் வரிசை

பறக்கும் பறவையைத் துரத்திக்கொண்டு பைனாகுலரை ஆட்டாதீர்கள். தகைவிலான் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப வரும். அது வரும் இடத்தில் நீங்கள் காத்திருந்தால் போதும்.

1. வெறும் கண்ணால் ஐந்து நிமிடம் பாருங்கள். பறவை எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே உட்காருகிறது? உட்காரும் இடம் தெரிந்ததும் அதற்கு நேராக, இருபதடியோ முப்பதடியோ தள்ளி, அசையாமல் நில்லுங்கள்.

2. எண்ணிக்கையைப் பாருங்கள். கம்பிவால் ஜோடியாகத் திரியும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகு நாலைந்து சேர்ந்திருக்கலாம். நூறு பறவை தோரணம் கட்டினாற்போல் கம்பியில் இருந்தால் அது வேறு கூட்டம். அதற்குள் ஒன்றிரண்டு கம்பிவால் கலந்திருக்கலாம், ஆனால் அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

3. உட்கார்ந்ததும் மார்பைப் பாருங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள். தாடை, தொண்டை, மார்பு, வயிறு வெள்ளையாக இருக்கிறதா? குறுக்கே பட்டை இருக்கிறதா? கீற்று இருக்கிறதா? பட்டையோ கீற்றோ ஒன்று தெரிந்தாலும் கம்பிவால் இல்லை. எல்லாம் சுத்த வெள்ளை என்றால் அடுத்த படி.

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பறவை உங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் சுலபம். பக்கவாட்டில் உட்கார்ந்தால், கருநீல முதுகின் நிறம் கழுத்தோரமாக முன்பக்கம் இறங்கி வருவது தெரியும், அது ஒரு பட்டையின் ஆரம்பம் போலவே இருக்கும். அவசரப்பட்டு 'பட்டை' என்று எழுதிவிடாதீர்கள். தகைவிலான் உட்கார்ந்த இடத்தில் இறகைக் கோதும், சோம்பல் முறிக்கும், அப்போது உடலைத் திருப்பும். அந்தத் திருப்பத்துக்காகக் காத்திருங்கள். கம்பிவாலின் நீலம் கழுத்தோரத்திலேயே நின்றுவிடும், நடுவில் சேராது. சாதாரணத் தகைவிலானுக்குப் பெரும்பாலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பட்டை, அதற்கு மேலே தொண்டையில் வெற்றிலைக்காவி நிறம்.

4. இப்போது தலை. தொப்பி நெற்றியில் தொடங்கி உச்சி முழுக்கப் போய்ப் பிடரி வரை இருக்கிறதா? அதற்குக் கீழே கண்ணையும் கன்னத்தையும் மூடிக் கருநீலம் தெரிகிறதா? அப்படியானால் கம்பிவால். சாதாரணத் தகைவிலானுக்கு நெற்றியில் மட்டும், குங்குமத்தை அகலமாக இட்டது போல் இருக்கும், உச்சி நீலம்.

5. பறந்து போகும்போது முதுகின் அடிப்பகுதியைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே. முதுகின் நீலமே அங்கும் தொடர்ந்தால் சரி. செங்கல் நிறத்திலோ வெளுத்தோ ஒரு திட்டு தெரிந்தால் வேறு பறவை.

6. திரும்பும்போது வாலை விரிக்கும். விரித்த வாலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சிறகின் அடிப்பக்க முன்பகுதி வெள்ளை, பின்பகுதி கறுப்பு. இதெல்லாம் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான், தெரியாவிட்டாலும் கவலையில்லை.

7. கடைசியாகக் கம்பி. வாலின் இரண்டு ஓரத்து இறகும் தண்டு மட்டுமாக மெலிந்து நீண்டிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வெளிச்சமான வானமோ தண்ணீரோ இருந்தால் நன்றாகத் தெரியும். பின்னால் புல் இருந்தால் தெரியாது. இறகு உதிரும் காலத்தில் ஒரு கம்பிதான் இருக்கும், சிலதுக்கு அதுவும் இருக்காது.

மூன்றும் நான்கும் சரியாக இருந்தால், கம்பி தெரியாவிட்டாலும் தயங்காமல் எழுதுங்கள். கம்பி மட்டும் தெரிந்து மார்பு தெரியவில்லை என்றால் எழுதாதீர்கள்.

*குறிப்பு:* நோட்டில் இருபது வார்த்தைக்கு மேல் எழுதாதீர்கள், படம் போடுங்கள். முட்டை வடிவில் ஓர் உடல், மேலே வட்டத் தலை, கீழே வால். எங்கே என்ன நிறம் என்று அம்புக்குறி போட்டுக் குறியுங்கள். ஓவியம் வராது என்று கூச்சப்பட வேண்டாம், என் நோட்டிலுள்ள பறவைகள் எல்லாம் கத்தரிக்காய் போலத்தான் இருக்கின்றன.

மயக்கும் உறவினர்கள்

*சாதாரணத் தகைவிலான்.* மேலே சொல்லிவிட்டேன். எச்சரிக்கை ஒன்று மட்டும்: இளம் பறவைக்குத் தொண்டைக் காவி வெளுத்து, வால் குட்டையாக இருக்கும். ஆனாலும் மார்புப் பட்டை இருக்கும், மங்கலாகவாவது. பட்டையைத் தேடினால் தப்பு வராது.

*செம்பிட்டத் தகைவிலான்.* பெரியது, பறப்பும் நிதானம். முதுகடியில் செம்மண் நிறத் திட்டு. அடிப்பக்கம் முழுக்க மெல்லிய கீற்று. தண்ணீர் இல்லாத மேட்டுக்காட்டிலும் சுற்றும். இதன் வாலும் ஆழமாகப் பிளந்திருக்கும். வாலை மட்டும் பார்க்கிறவர் இதையும் கம்பிவால் என்று எழுதிவிடுவார்.

*கீற்றுத்தொண்டைத் தகைவிலான்.* ஏமாற்றுவதில் இதுதான் கெட்டிக்காரன். கம்பிவாலைப் போலவே தண்ணீரோரம், பாலத்தடி, தலையில் செம்பழுப்புத் தொப்பி. தொப்பியைப் பார்த்ததும் முடிவுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால்தான் மார்பு மூன்றாம் படி, தலை நான்காம் படி. இதன் தொண்டையிலும் மார்பிலும் கீற்றுகள் இருக்கும், உடல் சின்னது, வால் ஏறக்குறைய சதுரமாக வெட்டியது போல் இருக்கும். கூட்டமாகத்தான் வாழும்.

*பாறைத் தகைவிலான்.* உடல் முழுக்கக் கரும்பழுப்பு, வெள்ளை வயிறு இல்லை. பாறையிலும் கோயில் கோபுரத்திலும் பழைய கட்டடத்திலும் இருக்கும். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என்று சுற்றிலும் பாறைக்குன்றுகள் இருக்கிற பகுதி இது. அங்கே போகும்போது மேலே பார்த்து வையுங்கள். வால் விரியும்போது இதற்கும் வெள்ளைப் புள்ளி உண்டு.

*உழவாரன்கள்.* இவை தகைவிலானுக்கு உறவே இல்லை, வேறு குடும்பம். சிறகு அரிவாள் போல் வளைந்து விறைப்பாக இருக்கும். கால் பலவீனம், கரண்டுக் கம்பியில் உட்காராது. உட்கார்ந்தது என்றால் உழவாரன் இல்லை, இந்த ஒரு விதி போதும். பனைமரத்தைச் சுற்றிக் கீச்சிடும் ஒல்லி வடிவம் பனை உழவாரன். பிட்டம் வெளுத்த கறுப்புப் பறவை நாட்டு உழவாரன்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் இன்னொரு தகைவிலான் இருக்கிறது, தொண்டை சிவந்தது. இலுப்பூர்ச் சமவெளியில் அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

பாலத்தடியில் கூடு

கூடு கிடைத்துவிட்டால் பறவையைப் பார்க்காமலேயே பாதி தீர்ப்புச் சொல்லலாம். வடிவம் அவ்வளவு பேசும்.

கம்பிவாலின் கூடு, அரைத் தேங்காய்ச் சிரட்டையைச் சுவரில் ஒட்டவைத்தது போல் இருக்கும். மேல்பக்கம் திறந்த கிண்ணம். ஈரமண்ணை அலகால் சிறுசிறு உருண்டையாக எடுத்து வந்து அடுக்கியிருக்கும். கிட்டப் பார்த்தால் ஒவ்வோர் உருண்டையும் தனித்தனியாகத் தெரியும், கீழ்வரிசை காய்ந்து வெளுத்தும் மேல்வரிசை ஈரம் மாறாமல் கறுத்தும் இருந்தால் வேலை இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். உள்ளே இறகு மெத்தை. பாலத்தின் மேல்தளத்துக்கு ஒரு சாண் கீழே, சில இடங்களில் தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம்கூட இல்லாமல் இருக்கும். ஒரு பாலத்துக்குப் பெரும்பாலும் ஒரு ஜோடிதான். அடுத்த ஜோடி நெருங்கினால் விரட்டும்.

செம்பிட்டத்தின் கூடு, கவிழ்த்த கூஜாவைக் கூரையில் ஒட்டியது போல, நுழைய ஒரு குழாயோடு இருக்கும். கீற்றுத்தொண்டையின் கூடுகளோ ஒன்றோடொன்று ஒட்டி, தேன்கூடு மாதிரி மொத்தமாகத் தொங்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். பாறைத் தகைவிலானின் கூடும் திறந்த கிண்ணம்தான் என்பதால், கிண்ணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் உரிமையாளர் வரும் வரை காத்திருங்கள்.

கூட்டைக் கண்காணிக்கும் முறை:

1. பாலத்துக்கு நேர் அடியில் போகாதீர்கள். இருபது மீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையில் குத்தவைத்து உட்காருங்கள்.

2. பறவை வந்து போகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். மண்ணோடு வந்தால் கட்டுமானம். வெறும் அலகோடு வந்து நெடுநேரம் உள்ளே இருந்தால் அடைகாப்பு. பூச்சியோடு வந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பினால் குஞ்சு.

3. பறவை உங்களைச் சுற்றி வட்டமிட்டுச் 'சிட்... சிட்...' என்று கூவினால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். எழுந்து பின்னால் போங்கள். பத்து நிமிடத்தில் கூட்டுக்குத் திரும்பவில்லை என்றால் அன்றைக்கு வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

4. கூட்டுக்குள் கையை விடாதீர்கள், செல்போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். இது நாகரிகம் மட்டுமில்லை, சட்டமும்தான். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்துக்குள், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும்.

முட்டை மூன்றிலிருந்து ஐந்து வரை இடும். அடைகாக்க இரண்டு வாரத்துக்கு மேல், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மூன்று வாரம். நல்ல இடம் என்று கண்டால் அடுத்தடுத்த வருடமும் அதே பாலத்துக்கு வரும். ஒரு கூட்டைக் கண்டுபிடித்தால் பல வருடத்துக்கு வேலை கிடைத்தது போல.

*குறிப்பு:* பாலங்களை அலசுவதற்கு முன் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேளுங்கள். "அண்ணே, பாலத்துக்கு அடியில மண்ணை ஒட்டிக் கூடு கட்டுற குருவி எங்கயாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டால் போதும். பெயரைக் கேட்காதீர்கள். 'தகைவிலான்' என்ற சொல் புத்தகத்தில்தான் அதிகம் புழங்குகிறது, ஊரில் பொதுவாகக் குருவி என்றுதான் பதில் வரும். ஆனால் எந்தப் பாலம், எந்தக் கண், எந்தப் பக்கம் என்பதை அவர்களைப் போலத் துல்லியமாக வேறு யாரும் சொல்ல முடியாது.

வழக்கமாக நேரும் தவறுகள்

ஒன்று பார்த்தால் மீதியும் அதேதான் என்று எழுதுவது. என் நாற்பது பறவைக் கதை. ஒவ்வொன்றாகப் பாருங்கள், பார்த்ததை மட்டும் எண்ணுங்கள்.

செயலியை நம்பிவிடுவது. மெர்லின் செயலி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும், நல்ல துணைதான். ஆனால் வானத்தை நோக்கி எடுத்த கறுப்பு நிழல் படத்தைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். மார்பு தெரியாத படத்துக்குச் செயலி சொல்லும் பதிலும் ஊகம்தான்.

நிறத்தை வெயிலோடு சேர்த்துப் பார்க்காதது. உச்சி வெயிலில் நீலம் கறுப்பாகத் தெரியும். சாயங்கால மஞ்சள் வெயிலில் வெள்ளை மார்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்து 'செம்பிட்டமோ' என்று சந்தேகம் வரும். இரண்டு நேரத்திலும் ஒரே பறவையைப் பார்த்துப் பழகுங்கள்.

குஞ்சைப் புது இனம் என்று நினைப்பது. ஆவணி, புரட்டாசியில் கம்பியில்லாமல், மங்கிய தொப்பியோடு நாலு பறவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடம் பொறுங்கள். கம்பியோடு ஒன்று வந்து வாயில் பூச்சியை ஊட்டிவிட்டுப் போகும்.

'தெரியவில்லை' என்று எழுதக் கூச்சப்படுவது. என் நோட்டில் 'தகைவிலான், எதுவென்று தெரியவில்லை' என்ற வரி இன்றைக்கும் மாதத்துக்கு நாலைந்து தடவை வருகிறது.

பத்திரம்

கண்மாயைச் சுற்றிப் போகிறவருக்குப் பறவையை விட முக்கியமானது இந்தப் பகுதி. ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

*மண் எடுத்த குழி.* கண்மாய்க்குள் மண் அள்ளிய இடங்கள் மழைக்குப் பின் தண்ணீரில் மறைந்துவிடும். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆள் மூழ்கும் பள்ளம். பறவைக்காகத் தண்ணீரில் இறங்கவே கூடாது, நீச்சல் தெரிந்தாலும்.

*மதகும் கலிங்கும்.* பாசி பிடித்த கல்லில் கால் வைக்காதீர்கள். நீர் பாயும் மதகுப் பக்கம் உறிஞ்சும் இழுப்பு இருக்கும். கலிங்கு வழியும் நாளில் கரைமேலேயே நின்று பாருங்கள்.

*பாம்பு.* கல் இடுக்கு, பாலத்தடி, புல் மண்டிய கரை மூன்றும் பாம்பு தங்கும் இடம். கால் வைக்குமுன் குச்சியால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

*தேனீ.* பாலத்தடியிலும் பாறைச் சரிவிலும் பெரிய மலைத்தேனீக் கூடு தொங்கலாம். கூட்டைத் தேடி அண்ணாந்து பார்க்குமுன் அது இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். இருந்தால் அந்தப் பாலத்தை மறந்துவிடுங்கள்.

*சாலை.* பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பைனாகுலர் பிடித்தால் பின்னால் வரும் லாரி தெரியாது. விராலிமலை தாண்டித் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலைப் பாலங்களில் நிற்கவே வேண்டாம். வண்டியைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் பறவை, ஒருவர் சாலை.

*கண்.* தகைவிலான் சூரியனை ஒட்டிப் பறக்கும்போது பைனாகுலரோடு பின்தொடராதீர்கள். ஒரு கணம் போதும், பார்வை போய்விடும்.

*ஊர்.* இது உயிராபத்து இல்லை, ஆனால் இதில் தவறினால் மறுபடி அந்தக் கரைக்குப் போக முடியாது. படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் அந்தத் திசையில் பைனாகுலரையோ கேமராவையோ திருப்பாதீர்கள். குடிநீர் ஊருணிக்குள் செருப்போடு இறங்காதீர்கள். முதல் நாளே டீக்கடையில் உட்கார்ந்து, என்ன பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பைனாகுலரை ஒரு சுற்றுக் கொடுத்தும் பாருங்கள். அடுத்த நாள் தகவல் உங்களைத் தேடி வரும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு முறையும் ஆறு விவரம்: தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, மார்பு எப்படி இருந்தது, பறவை என்ன செய்துகொண்டிருந்தது. மார்பு பார்க்கவில்லை என்றால் 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈபேர்டு தளத்தில் பட்டியலாக ஏற்றலாம். கூடு இருக்கும் பாலத்தின் துல்லியமான இடத்தை மட்டும் வெளியில் சொல்ல வேண்டாம்.

தைப்பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று பார்த்ததை எண்ணி ஏற்றினால் போதும், யாரும் கலந்துகொள்ளலாம். மாட்டுப்பொங்கலன்று காலையில் கண்மாய்க்கரையில் மாடு குளிப்பாட்ட ஊரே கூடும். பக்கத்தில் நின்று நீங்கள் தகைவிலான் எண்ணலாம். வடக்கிலிருந்து வந்ததும் நம்மூர்க் கம்பிவாலும் ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கும் மாதம் அது. மூன்றாம் படியை மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாலத்துக்கு வெள்ளையடிக்கவோ பழுதுபார்க்கவோ ஆட்கள் வந்தால், வேலை தொடங்குமுன் மேஸ்திரியிடம் போய், "அண்ணே, அந்தக் கூட்டுல குஞ்சு இருக்கு, இன்னும் ரெண்டு வாரத்துல பறந்துடும், அந்த மூலையை மட்டும் கடைசியா வச்சுக்கங்க" என்று கேட்டுப் பாருங்கள்.